இந்தப் பூச்சுக்குக் காப்புரிமை கிடைக்குமா? ஒரு துத்தநாக ப்ரைமரும் மூன்று நாட்டு அளவுகோல்களும்

பெயிண்ட் தொழிலில் இருப்பவர்களிடம் காப்புரிமைப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "நாங்கள் கலக்குவது எல்லாமே கடையில் கிடைக்கிற சரக்கு, இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது?" என்பார்கள். இல்லையென்றால், "இந்த விகிதத்தை இதுவரை யாரும் போட்டதில்லை, கட்டாயம் கிடைக்கும்" என்பார்கள். இரண்டுமே அவசரப்பட்ட பதில்கள். கடைச் சரக்கை மட்டும் வைத்துக் காப்புரிமை வாங்கிய பூச்சுகள் நிறைய உண்டு. யாரும் போடாத விகிதம் என்பது அது புதியது என்பதை மட்டும்தான் காட்டும். அதற்கு அடுத்த கேள்வியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன: இந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர், ஏற்கெனவே தெரிந்ததை வைத்துக்கொண்டு, தானாகவே இங்கே வந்து சேர்ந்திருப்பாரா?

இந்தக் கேள்வியை அமெரிக்கா ஒரு விதமாகக் கேட்கிறது, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வேறு விதமாகக் கேட்கிறது, இந்தியச் சட்டம் தன் பங்குக்கு ஒரு கூடுதல் வாசலையும் வைத்திருக்கிறது. கையில் ஒரு கலவையை வைத்துக்கொண்டு, பணம் செலவழித்து விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் இவற்றில் எதை வைத்துத் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும்? என் பதில்: எந்த நாட்டில் விண்ணப்பிப்பதாக இருந்தாலும், முதலில் ஐரோப்பிய முறைப்படி சோதித்துப் பாருங்கள். ஏன் என்பதற்கு ஒரு பழைய வழக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1945-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த சின்கிளேர் அண்ட் கேரல் எதிர் இன்டர்கெமிக்கல் வழக்கு ஓர் அச்சு மையைப் பற்றியது. வேகமாக ஓடும் இயந்திரத்தில் வழவழப்பான தாளில் அச்சிடும்போது, மை உருளையிலேயே காய்ந்துவிடக் கூடாது. ஆனால் தாளில் பட்ட பிறகு உடனே காய்ந்தாக வேண்டும். அறை வெப்பத்தில் அனேகமாக ஆவியே ஆகாத, சூடு பட்டதும் சட்டென்று ஆவியாகிவிடுகிற ஒரு கரைப்பானைப் போட்டு இதைத் தீர்த்திருந்தார்கள். பியூட்டைல் கார்பிட்டால் என்பது அந்தக் கரைப்பானின் பெயர். மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றிச் செல்லாது என்றது. என்ன குணம் வேண்டும் என்பது தெரிந்த விஷயம், அந்தக் குணமுள்ள பொருளும் தெரிந்த பொருள். பட்டியலைப் படித்துப் பொருத்தமானதை எடுப்பது, ஜிக்சா புதிரின் கடைசி ஓட்டையில் கடைசித் துண்டை வைப்பதைவிடப் பெரிய சாமர்த்தியம் இல்லை என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார்.

பூச்சு வேலை செய்பவர்களுக்கு இந்த வரி கொஞ்சம் சுடும். ஃபார்முலேஷன் வேலையில் பெரும்பகுதி சப்ளையரின் டேட்டா ஷீட்டைப் புரட்டுவதுதானே.

ஆனால் அதே நீதிமன்றம் 1966-இல் ஆடம்ஸ் வழக்கில் எதிர்ப்பக்கம் போனது. மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் வைத்த, தண்ணீர் ஊற்றினால் வேலை செய்கிற மின்கலம் அது. இரண்டு பொருளும் மின்கலங்களில் ஏற்கெனவே தெரிந்தவைதான். இருந்தும் காப்புரிமை நின்றது. அப்போது துறையில் இருந்த அறிவு முழுவதும் "இந்த வகைக் கலம் நடைமுறைக்கு ஆகாது" என்று விரட்டிக்கொண்டிருந்தது. அந்த விரட்டலையும் மீறி ஆடம்ஸ் போனார், கிடைத்த பலனும் யாரும் எதிர்பாராதது. தெரிந்த பொருள்களைச் சேர்த்தது இரண்டு வழக்கிலும் உண்டு. ஒன்றில் வழி திறந்து கிடந்தது, இன்னொன்றில் "போகாதே" என்ற பலகை இருந்தது.

இனி ஒரு கற்பனைக் கலவையை எடுத்துக்கொள்வோம். இரும்புக் கட்டுமானங்களுக்கு முதலில் பூசும் அடிப்பூச்சான எபாக்ஸி துத்தநாக ப்ரைமர். இந்த வகை ப்ரைமரில் துத்தநாகத் தூள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரும்பையும் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அப்போதுதான் மின்தொடர்பு கிடைத்து, இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். அதனால்தான் ஐஎஸ்ஓ 12944 தரநிலை, துத்தநாகம் நிறைந்த ப்ரைமர் என்று சொல்ல வேண்டுமானால் ஆவியாகாத பகுதியில் எடைக்கு 80 சதவீதமாவது துத்தநாகத் தூள் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு தூள் போட்டால் ப்ரைமர் கனக்கும், டின்னின் அடியில் படியும், விலையும் ஏறும்.

நம் கற்பனைக் கண்டுபிடிப்பாளர் துத்தநாகத்தை 55 சதவீதமாகக் குறைத்து, தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க அரை சதவீதம் அளவுக்கு மின்கடத்தும் கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்) சேர்க்கிறார். கார்பனை அப்படியே போடாமல், முன்பே ஒரு சைலேனால் (சிலிக்கான் கொண்ட ஒரு வேதிப்பொருள்) பூசிப் பதப்படுத்திப் போடுகிறார். ஏற்கெனவே வெளியான ஆவணங்கள் மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, வழக்கமான 80 சதவீத ப்ரைமர். இரண்டாவது, துத்தநாகத்தை 50 முதல் 70 சதவீத அளவுக்குக் குறைத்துக் கார்பன் சேர்க்கலாம் என்கிறது. கூடவே, கார்பன் அதிகமானால் துத்தநாகம் வேகமாகக் கரைந்துபோகிறது என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு, ஏனென்றால் கார்பன் மின்வேதி வரிசையில் துத்தநாகத்துக்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. மூன்றாவது, எபாக்ஸியில் சைலேன் சேர்த்தால் இரும்பில் ஒட்டுதல் கூடும் என்கிறது.

ஆக, துத்தநாகம் தெரியும், கார்பன் தெரியும், சைலேனும் தெரியும். பதப்படுத்திய கார்பன் மட்டும் இந்த இடத்தில் யாரும் போடாதது.

அமெரிக்காவில் இது எப்படிப் போகும்?

அங்கே அடித்தளம் 1966-இல் வந்த கிரஹாம் எதிர் ஜான் டியர் தீர்ப்பு. ஆடம்ஸ் வழக்கும் அதே நாளில்தான் தீர்ந்தது. ஏற்கெனவே தெரிந்தது என்ன, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், துறையில் சாதாரண ஆளின் தேர்ச்சி எவ்வளவு என்று மூன்று கேள்விகள். அவற்றோடு வெளிச் சாட்சியங்கள்: நல்ல விற்பனை, நெடுநாள் தீராத தேவை, மற்றவர்கள் முயன்று தோற்றது போன்றவை. 2007-இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு இதைக் கொஞ்சம் கடுமையாக்கியது. அதற்கு முன்பு வரை, இரண்டு ஆவணங்களை இணைக்க வேண்டுமானால் இணைக்கச் சொல்லும் குறிப்பு எங்காவது இருக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் கறாராகக் கேட்டுவந்தன. உச்ச நீதிமன்றம் அந்தக் கறாரைத் தளர்த்தியது. சாதாரணத் தேர்ச்சி உள்ளவர் இயந்திர பொம்மை இல்லை, அவருக்கும் சாதாரண அளவில் கற்பனை உண்டு என்றது. தெரிந்த சில வழிகள் மட்டுமே இருந்து, ஒவ்வொன்றின் விளைவும் ஊகிக்கக்கூடியதாக இருந்தால், அவற்றில் ஒன்றை முயன்று பார்ப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்றும் சொன்னது.

நம் ப்ரைமரை அமெரிக்க எக்ஸாமினர் (விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி) எடுத்தால் முதலில் எண்களில் கை வைப்பார். இரண்டாவது ஆவணம் 50 முதல் 70 என்கிறது, நாம் 55 என்கிறோம், உள்ளேயே விழுகிறது. இதற்கு 1955-லேயே ஆலர் வழக்கில் பதில் சொல்லிவிட்டார்கள்: பொதுவான நிலைமைகள் தெரிந்த பிறகு, வழக்கமான சோதனைகளால் சிறந்த அளவைக் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பு இல்லை. 2003-இல் பீட்டர்சன் வழக்கிலும் இதே கதைதான். பழைய ஆவணம் நிக்கல் உலோகக் கலவையில் ரீனியம் 0 முதல் 7 சதவீதம் என்றது, விண்ணப்பம் 1 முதல் 3 என்றது, நிற்கவில்லை. இப்படி எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அந்தக் குறுகிய எல்லைக்குள் எதிர்பாராத ஏதோ நடக்கிறது என்று காட்டும் பாரம் விண்ணப்பதாரர் தலையில் வந்துவிடும்.

எதிர்பாராதது என்றால் எவ்வளவு? இங்கே அமெரிக்கத் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசுவதில்லை. 1995-இல் சோனி என்பவரின் வழக்கில், மின்கடத்தும் பாலிமர் கலவையின் குணங்கள் கணிசமாக மேம்பட்டதைக் காட்டி, அது எதிர்பாராதது என்றும் விண்ணப்பதாரர் சொல்லியிருந்தார். மறுக்க ஆதாரம் இல்லாததால் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2005-இல் ஹாரிஸ் வழக்கில், ஓர் உலோகக் கலவையின் ஆயுள் 32 முதல் 43 சதவீதம் கூடியும், இது அளவில் வித்தியாசமே தவிர வகையில் வித்தியாசம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆக, நம் ப்ரைமர் 'கொஞ்சம் நன்றாக' இருந்தால் போதாது. இரண்டாவது ஆவணம் பயந்த விஷயம், அதாவது கார்பனால் துத்தநாகம் வேகமாகக் கரைவது, இங்கே நடக்கவில்லை என்று காட்டினால் நிலைமை மாறும். ஆடம்ஸ் தப்பித்த வழி கிட்டத்தட்ட அதுதான்.

அமெரிக்க முறையில் விண்ணப்பதாரருக்கு ஒரு வசதி உண்டு. விண்ணப்பித்த பிறகு எடுத்த சோதனை முடிவுகளையும் பிரமாணப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒப்பீடு மிக நெருங்கிய பழைய கலவையோடு இருக்க வேண்டும், கேட்கும் உரிமையின் அகலத்துக்கு ஏற்றபடி தரவும் இருக்க வேண்டும். மற்றபடி கதவு திறந்தே இருக்கிறது. வசதிதான், ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மெலிந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அதே விண்ணப்பத்தோடு மற்ற நாடுகளுக்கும் போகிறவர்கள் உண்டு.

ஐரோப்பிய முறை

ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 56-வது பிரிவு இதைப் பற்றிச் சுருக்கமாகத்தான் பேசுகிறது. நடைமுறையில் அங்குள்ள மேல்முறையீட்டுக் குழுக்கள் வளர்த்தெடுத்த முறை ஒன்று இருக்கிறது. முதலில், ஏற்கெனவே தெரிந்தவற்றில் மிக நெருங்கிய ஒன்றைத் தேர்ந்தெடு. அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்ன, அந்த வித்தியாசத்தால் அளக்கக்கூடிய பலன் என்ன என்று பார். அந்தப் பலனை வைத்து, தீர்க்கப்பட்ட சிக்கலை எழுது. கடைசியாக, அந்தச் சிக்கலோடு உட்கார்ந்திருக்கும் துறைசார்ந்தவர் இந்தத் தீர்வுக்கு வந்திருப்பாரா என்று கேள். வந்திருக்க முடியுமா என்று கேட்டால் போதாது, வந்திருப்பாரா என்று கேட்க வேண்டும். முடியுமா என்றால் எதுவும் முடியும். விடையைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பவருக்கு எல்லா வழியும் நேர்வழியாகத்தான் தெரியும்.

நம் ஆள் மனதுக்குள் தன் ப்ரைமரை முதல் ஆவணத்தோடு, அதாவது 80 சதவீதச் சரக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். "துத்தநாகத்தை 25 புள்ளி குறைத்தேன்" என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பிய முறை அந்த சுகத்தைப் பறித்துவிடும். மிக நெருங்கியது இரண்டாவது ஆவணம். நோக்கமும் அதேதான், துத்தநாகமும் குறைந்துவிட்டது, கார்பனும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் மீதமுள்ள வித்தியாசம் சைலேன் பூசிய கார்பன் ஒன்றுதான். அப்படியானால் விலைக் குறைப்பு, எடைக் குறைப்பு எல்லாம் கணக்கிலேயே வராது. அவை இரண்டாவது ஆவணத்திலேயே கிடைத்துவிட்டன.

இப்போது அந்த ஒரே வித்தியாசம் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். துத்தநாகம் கரையும் வேகம் குறைந்தது என்று தரவு இருந்தால், சிக்கல் "கார்பன் சேர்த்த ப்ரைமரின் ஆயுளை நீட்டுவது" என்று ஆகிறது. மூன்றாவது ஆவணம் சைலேனைச் சொல்கிறது, ஆனால் ஒட்டுதலுக்காகச் சொல்கிறது, கார்பன் மீது பூசவும் சொல்லவில்லை. ஆயுளை நீட்ட விரும்புபவர் அங்கே போயிருப்பார் என்று சொல்வது கஷ்டம். வாதம் நம் பக்கம் சாய்கிறது. தரவு இல்லாவிட்டால்? அப்போது சிக்கல் "இன்னொரு ப்ரைமர் தருவது" என்று சுருங்கிவிடும். இன்னொன்று தருவதற்கு, தெரிந்த நிரப்பியை (கலவையில் சேர்க்கும் தூளை) தெரிந்த சைலேனால் பூசுவது எவருக்கும் தோன்றும். நிரப்பிகளைச் சைலேனால் பூசுவது பாலிமர் துறையில் பழைய பழக்கம்.

ஐரோப்பாவில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. 'சைலேன்' என்று பொதுவாகக் கோரினால், எல்லாச் சைலேன்களும் இதைச் செய்யும் என்று நம்ப இடம் இருக்க வேண்டும். 1995-இல் அக்ரிவோ வழக்கில் மேல்முறையீட்டுக் குழு இதைத் தெளிவாகச் சொன்னது: கோரிய பரப்பு முழுவதும் பலன் கிடைக்கும் என்று நம்ப முடியாவிட்டால், அந்தப் பலனை வைத்து வாதாட முடியாது. ஒரே ஒரு அமினோ சைலேனைச் சோதித்துவிட்டுச் சைலேன் குடும்பத்தையே கேட்டால் இங்கே அடிபடும். இன்னொன்று, உபரிப் பலன். துறைசார்ந்தவர் வேறு காரணத்துக்காக எப்படியும் இதைச் செய்திருப்பார் என்றால், எதிர்பாராமல் கூடவே வந்த பலன் எவ்வளவு அருமையாக இருந்தாலும் காப்பாற்றாது. மூன்றாவது ஆவணம் மட்டும் "எல்லா நிரப்பிகளையும் சைலேனால் பூசினால் ஒட்டுதல் கூடும்" என்று சொல்லியிருந்தால் நம் ஆள் இந்தக் குழியில்தான் விழுந்திருப்பார்.

பிந்தைய தரவு விஷயத்தில் ஐரோப்பா நடுவழியில் நிற்கிறது. 2023 மார்ச்சில் அங்குள்ள விரிவாக்க மேல்முறையீட்டுக் குழு தந்த ஜி 2/21 முடிவு, பின்னால் வந்த தரவு என்பதற்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் அந்தப் பலன், முதலில் போட்ட விண்ணப்பத்தைப் படிக்கும் துறைசார்ந்தவருக்கு அதன் தொழில்நுட்பப் போதனையில் அடங்கியதாகத் தெரிய வேண்டும் என்றும் சொன்னது. விண்ணப்பத்தில் துத்தநாகக் கரைவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், ஒட்டுதலை மட்டும் எழுதிவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கரைவுத் தரவோடு போனால் நிலைமை சங்கடம்தான்.

இந்தியா வைத்திருக்கும் கூடுதல் வாசல்

இந்தியச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு, இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அதோடு துறைசார்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 'பொருளாதார முக்கியத்துவம்' என்பதைப் பார்த்ததும் பெயிண்ட்காரர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும்: துத்தநாகம் குறைந்தது, விலை குறைந்தது, போதாதா? போதாது. அந்த 'அதோடு' நகராது. எவருக்கும் தோன்றக்கூடிய ஒன்று எவ்வளவு லாபம் தந்தாலும் நிற்காது. பாத்திரம் கடையும் இயந்திரம் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரிலேயே, வெறும் பட்டறை மேம்பாட்டுக்கு மேலான ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டது.

பூச்சுக் கலவைகளுக்கு உண்மையான இடைஞ்சல் 3(இ) பிரிவு. பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் கூட்டாகச் சேர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால், அது சட்டப்படி கண்டுபிடிப்பே இல்லை. எளிதில் தோன்றுமா தோன்றாதா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே வாசலில் நிறுத்திவிடும் பிரிவு இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே கருத்து, 'எளிதில் தோன்றுமா' என்ற விவாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே தனிப் பிரிவாக நிற்கிறது. எக்ஸாமினர் கேட்பது சினர்ஜி, அதாவது தனித்தனிப் பலன்களின் கூட்டலுக்கு மேலான கூட்டு விளைவு. கார்பன் தன் வேலையைச் செய்கிறது, சைலேன் தன் வேலையைச் செய்கிறது என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், நீங்களே 3(இ)-க்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். பூச்சு விண்ணப்பங்களின் முன்னுரைப் பகுதியில் "ரெசின் ஒட்டுதல் தரும், பிக்மென்ட் நிறம் தரும், சேர்க்கை பளபளப்பு தரும்" என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வேலையைப் பிரித்து எழுதும் பழக்கம் இருக்கிறது. படிக்கத் தெளிவாக இருக்கும், ஆனால் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வது அது.

விண்ணப்பதாரர் பக்கம் ஒரு பாதுகாப்பும் உண்டு. 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம், கண்டுபிடிப்புத் திறன் இல்லை என்று நிராகரிக்கும்போது பழைய ஆவணத்தில் இருப்பது என்ன, விண்ணப்பத்தில் இருப்பது என்ன, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படித் தோன்றும் என்ற மூன்றையும் அலசாமல் மொட்டையாக நிராகரிக்கக் கூடாது என்றது. மொட்டை உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. 2021-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்த பிறகு அந்த மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. சென்னை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் என்றால் சென்னை உயர் நீதிமன்றம்.

எது கடினம், எதை முதலில்?

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆவணங்களை இஷ்டத்துக்கு இணைப்பதில் அமெரிக்கா தாராளம், அதனால் "எல்லாம் தெரிந்த சரக்குதானே" என்ற தாக்குதல் அங்கே பலமாக வரும். அகலமாகக் கோருபவரை ஐரோப்பா சும்மா விடாது. சோதனைத் தரவு இல்லாத கலவையை இந்தியா வாசலிலேயே நிறுத்தும். வெளிச் சாட்சியம் வைத்துப் பிழைக்க வேண்டுமானால் அமெரிக்காதான் பரவாயில்லை.

ஆனாலும் வீட்டுப்பாடமாக ஐரோப்பிய முறையை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அது ஒன்றுதான் "எதோடு ஒப்பிடுகிறாய்?" என்று ஆரம்பத்திலேயே பிடித்துக் கேட்கிறது. கண்டுபிடித்தவர் எப்போதும் தன் பழைய சரக்கோடு ஒப்பிடுவார், அல்லது போட்டிக் கம்பெனியின் சரக்கோடு ஒப்பிடுவார். சட்டத்துக்கு அது தேவையில்லை. மிக நெருங்கிய ஆவணம் முப்பது வருடம் முன்பு காலாவதியான யாரோ ஒருவரின் காப்புரிமையாக இருக்கலாம், அதன்படி ஒரு டின் பெயிண்ட்கூட விற்காமல் இருந்திருக்கலாம். அதைத் தேடி எடுத்து, அதன்படி லேபில் கலந்து, பக்கத்தில் வைத்துச் சோதிப்பதுதான் வேலை. இதைச் செய்தவர் அமெரிக்காவுக்குத் தேவையான நெருங்கிய ஒப்பீட்டையும், இந்தியாவுக்குத் தேவையான சினர்ஜித் தரவையும் ஒரே சோதனையில் எடுத்துவிடுகிறார்.

அந்தச் சோதனையை எப்படி அமைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் ப்ரைமருக்கு என்றால், 55 சதவீதத் துத்தநாகத்தை நிலையாக வைத்துக்கொண்டு பேனல்கள் (பூசிச் சோதிக்கும் தகடுகள்) இப்படி வேண்டும்: கார்பனும் இல்லை சைலேனும் இல்லை, கார்பன் மட்டும், சைலேன் மட்டும், இரண்டையும் தனித்தனியாக டின்னில் போட்டுக் கலக்கியது, சைலேனால் முன்பே பூசிய கார்பன். கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் மொத்தக் காப்புரிமையும் தொங்குகிறது. பொருள்கள் அவையே, அளவும் அதுவே. தனித்தனியாகப் போட்டாலும் அதே பலன் வந்தால், பூசுவதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பூசியது மட்டும் தனியாக நின்று ஜெயித்தால், 3(இ)-க்கும் பதில் இருக்கிறது, இரண்டாவது ஆவணத்துக்கும் பதில் இருக்கிறது. இதோடு துத்தநாகத்தைக் கோரிய எல்லைக்குக் கொஞ்சம் வெளியேயும் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லை ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் காட்டுவதற்கு. சைலேனிலும் வேதியியல் வேறுபட்ட இரண்டு மூன்று வகையாவது வேண்டும்.

ஒரே தொகுதி இரும்புத் தகடு, ஒரே பிளாஸ்டிங் (துகள் அடித்துச் சுத்தம் செய்தல்) தரம், ஒரே காய்ந்த படலத் தடிமன் என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது. ஆனால் தடிமன் 60 மைக்ரான் உள்ள பழைய சரக்கையும் 85 மைக்ரான் உள்ள புதிய சரக்கையும் ஒப்பிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அந்த வரியைத்தான் வாசிப்பார். சால்ட் ஸ்ப்ரே என்று எல்லோரும் ஓடும் ஏஎஸ்டிஎம் பி117 சோதனை, 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலைத் தெளிப்பது, வெளியில் உண்மையில் நடப்பதோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்பது துறையில் பழைய புகார். ஈரம், காய்தல், புற ஊதா மாறி மாறி வரும் சுழற்சிச் சோதனை ஒன்றையும் சேர்ப்பது நல்லது. நம் வாதமே துத்தநாகம் கரையும் வேகத்தைப் பற்றியது என்பதால், துரு வந்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல் மின்வேதி அளவீடும் எடுக்க வேண்டும். எந்தப் பலனை வைத்து வாதாடப் போகிறோமோ அதை அளக்காமல், லேபில் வசதியாக அளக்க முடிந்ததை அளந்து வைப்பது வழக்கமான கோளாறு.

முடிவு வந்த பிறகு தேர்வு ஓரளவு தானாகவே அமையும். பூசிய கார்பன் தெளிவாக ஜெயித்தால், சோதித்த சைலேன் வகைகளுக்கும் சோதித்த அளவுகளுக்கும் ஒட்டினாற்போல் குறுகலாகக் கோரி மூன்று இடத்திலும் போகலாம். வித்தியாசம் மெல்லியது என்றால், ஹாரிஸ் வழக்கை நினைத்துக்கொண்டு, கலவையை விட்டுவிட்டுக் கார்பனைப் பூசும் செய்முறையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வித்தியாசமே இல்லை என்றால் ரகசியமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கலவையை ரகசியமாக வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. துத்தநாக அளவையும் ரெசின் வகையையும் ஒரு நல்ல லேப் கண்டுபிடித்துவிடும். கார்பனை எந்த வெப்பத்தில், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் பதப்படுத்தினீர்கள் என்பதை டின்னைத் திறந்து கண்டுபிடிப்பதுதான் கடினம். ரகசியமாக வைக்கத் தகுந்ததும் அதுதான். மூன்றாவது வழி, எல்லாவற்றையும் பகிரங்கமாக வெளியிட்டுவிடுவது. நமக்கும் கிடைக்காது, போட்டியாளரும் நாளைக்குக் காப்புரிமை வாங்கி நம்மைத் தடுக்க முடியாது. சிறிய கம்பெனிகள் இதை யோசிப்பதே இல்லை, யோசிக்கலாம்.

இவ்வளவையும் செய்வதற்குள் மார்க்கெட்டிங் ஆட்கள் நல்ல வாடிக்கையாளருக்கு நாலு டின் சாம்பிள் அனுப்பியிருந்தால் விவகாரம் வேறு. ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் கைமாறிய சரக்கே ஏற்கெனவே தெரிந்ததாக ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. சந்தைக்கு வந்த பொருளின் கலவையைப் பிறரால் பகுத்து அப்படியே திரும்பச் செய்ய முடியாது என்பதற்காக மட்டும் அதை ஏற்கெனவே தெரிந்தவற்றிலிருந்து ஒதுக்க முடியாது என்று ஐரோப்பிய விரிவாக்க மேல்முறையீட்டுக் குழு 2025 ஜூலையில் ஜி 1/23 வழக்கில் சொல்லிவிட்டது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் கிடைக்கும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. அதனால் சாம்பிள் போவதற்கு முன் இந்தியாவில் ஒரு தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, முழு விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் 12 மாதத்துக்குள் அந்தப் பேனல்களை ஓட்டி முடிக்கலாம். தற்காலிக விண்ணப்பத்திலேயே துத்தநாகக் கரைவைப் பற்றி எழுதிவிட வேண்டும். வெளிநாட்டிலும் போடுவதாக இருந்தால், இந்திய விண்ணப்பத்துக்குப் பிறகு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 39-வது பிரிவின்படி முன் அனுமதி வாங்க வேண்டும்.